பாசுரம் வைத்த கடன்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அருளிச்செயலை நித்யம் அநுஸந்திக்கும் நாம் ஒரு வினாவை எழுப்பிக்கொள்வது தகும். ஒரு நூல் தன்னைக் கற்பவனுடைய வாழ்க்கையை மாற்றிற்று என்பதற்கு அடையாளம் எது? பாசுரங்கள் மனப்பாடமாவதா? பொருள் விளங்கிக் கண்ணீர் மல்குவதா? இவ்விரண்டும் உயர்ந்தவையே. ஆயினும் இவற்றுக்கும் மேற்பட்டதோர் அடையாளத்தை எம்பெருமானார் தம் அநுஷ்டானத்தால் காட்டியருளினார்.

நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களுள், ஒன்பதாம் திருமொழி திருமாலிருஞ்சோலை அழகரைப் பற்றியது. அதன் ஆறாம் பாசுரத்தில் ஆண்டாள், நூறு தடா வெண்ணெயும் நூறு தடா நிறைய அக்காரவடிசிலும் அழகருக்கு வாக்கால் நேர்ந்துகொள்கிறாள். அந்த நேர்த்தி செயலாக நிறைவேறாமல் பாசுரத்திலேயே நின்றது. 1017இல் அவதரித்த எம்பெருமானார் இப்பாசுரத்தை அநுஸந்தித்து, நாச்சியாரின் நேர்த்தியைத் தலைக்கட்டுவது தம் கடமை என்று திருவுள்ளம் பற்றினார். திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி நூறு தடாவும் சமர்ப்பித்தார். பின்பு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, நாச்சியார் அவரை ‘அண்ணன்’ என்று அழைத்து உகந்தாள் என்பது நம் பெரியோர் சொல்லிவரும் ஐதிஹ்யம். ‘கோயில் அண்ணன்’ என்னும் திருநாமம் அவ்வாறு அமைந்தது. காலத்தால் முற்பட்ட ஆண்டாளை எம்பெருமானாருக்குப் பின்பிறந்தவளாகவே அவளுடைய வாழித் திருநாமமும் போற்றுகிறது.

அடியேன் வங்கிப் பணியில் பல்லாண்டுகள் கடன் பத்திரங்களோடு பழகியவன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 126ஆம் பிரிவில் ஜாமீன்தாரர் யார் என்பதை வரையறுக்கிறது. கடன்பட்டவர் தவறினால் தாம் செலுத்துவதாக ஒப்புக்கொண்டவரே ஜாமீன்தாரர். ஒப்புக்கொள்ளாதவரை அக்கடன் கட்டாது. எம்பெருமானாரிடம் ஒப்புதல் கேட்டவர் எவருமில்லை. ஆண்டாளின் நேர்த்திக்கு அவர் எவ்வாறு கடன்பட்டார்? கற்றதனாலேயே கடன்பட்டார்.

“அது பிரிவாற்றாமையில் எழுந்த வாக்கு, அதை எழுத்தின்படி கொண்டு தடாக்களை எண்ணி நிறைக்க வேண்டுமோ? எம்பெருமான் வாக்கையே செயலாக ஏற்பவன் அன்றோ?” என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எம்பெருமானுடைய திருப்திக்கு அது வேண்டியிராமல் இருக்கலாம். கற்பவனுக்கு அது வேண்டும். சுவைத்ததோடு நிற்பவனுக்கு நூல் தனக்குப் புறம்பாகவே இருக்கிறது. அதில் எஞ்சி நிற்கும் குறையைத் தன் குறையாகக் கொள்பவனுக்கோ அந்நூலில் உள்ளவர்கள் உறவினராகிவிடுகின்றனர். ஸ்ரீபாஷ்யம் அருளிய பேராசாரியரை ஆண்டாள் அண்ணன் என்ற உறவுமுறையால் அழைத்தது இதனாலேயே. தங்கையின் நேர்த்தியைத் தமையன் முடித்துக் கொடுப்பது உலக வழக்கு அல்லவா?

இன்னுமொரு நுட்பம். அடுத்த பாசுரத்தில் ஆண்டாள், அழகர் இதை ஏற்றருளினால் ஒன்றுக்கு நூறாயிரமாகச் சமர்ப்பித்து, மேலும் அடிமை செய்வதாகச் சொல்கிறாள். வங்கிக் கடன் செலுத்தினால் கணக்கு முடிந்துவிடும். இந்தக் கடனோ செலுத்தச் செலுத்தப் பெருகிக் கைங்கர்யமாகத் தொடர்கிறது.

நூறு தடாவுக்கு நமக்குச் சக்தி ஏது என்று ஒதுங்க இயலாது. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தை எண்ணுவோம். நெய்யும் பாலும் உண்ணாமை, மையும் மலரும் தவிர்த்தல், பெரியோர் செய்யாதவற்றைச் செய்யாமை, கோள் சொல்லாமை, இயன்ற மட்டும் ஈதல் ஆகிய யாவும் அங்கே தன்மைப் பன்மையில் சொல்லப்படுகின்றன. அந்த ‘நாம்’ ஆயர் சிறுமியர் மட்டும்தானா? சொல்லும் வாய் நம்முடையது. மார்கழி இரண்டாம் நாள் காலையில் இதனை ஓதிவிட்டு, மாலையில் தொலைபேசியில் பிறர் குடும்பத்தைப் பற்றிக் கோள் சொல்வோமாயின், நம் வாக்கும் பாசுரத்திலேயே நின்றுவிடுகிறது. கோள் சொல்லாதிருக்கப் பொருட்செலவு ஏதுமில்லை. அதனாலேயே தப்புவதற்குச் சாக்கும் இல்லை.

மார்கழி 27ஆம் நாளான கூடாரவல்லியன்று திவ்யதேசங்கள் பலவற்றிலும் நம் திருமாளிகைகளிலும் அக்காரவடிசில் சமர்ப்பிக்கப்படுகிறது. அப்பிரசாதத்தை ஸ்வீகரிக்கும்போது, நாம் நாள்தோறும் வாயால் சொல்லி வருபவற்றுள் இன்னும் தலைக்கட்டாமல் இருப்பது எது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக. அவற்றுள் ஒன்றையேனும் இவ்வாண்டில் நிறைவேற்ற எம்பெருமானார் திருவடிகளே துணை.

அடியேன் ராமாநுஜ தாஸன்