காமன் எய்த கணை

மாசி மாதம் பிறந்துவிட்டால் தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் இரவு நேரங்களில் தப்பொலி கேட்கத் தொடங்கும். பகலெல்லாம் மலையில் கொழுந்தெடுத்துக் களைத்த சனங்கள் கண்விழித்திருந்து காண்கிற காமன் கூத்தில், சிவனிடம் போகவேண்டாமென்று ரதி மன்மதனை மறித்து மன்றாடும் கட்டம் வரும்பொழுது, வேடம் புனைந்திருப்பவன் தங்கள் லயத்து ஆண்பிள்ளைதான் என்பதை அறிந்திருந்தும், முதிய பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மன்மதன் செய்த பிழைதான் யாது? அவன் தன்னலம் கருதிப் போகவில்லை. அசுரரால் வருந்திய தேவர்களின் துயர் தீரவேண்டுமென்று அவர்களே அனுப்பப் போகிறான். கையில் இருப்பதோ கரும்பு வில்லும் மலர்க்கணையும். ஆயினும் எரிந்து சாம்பலாகிறான். யோகத்தில் அமர்ந்த ஒருவருடைய உள்ளத்தினுள் அவருடைய சம்மதமின்றிப் பிரவேசிப்பது, நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், அபராதமே என்பதுதான் அந்தப் புராணத்தின் உட்கிடை என்று நான் கொள்கிறேன். மூளையையும் கணினியையும் இணைக்கும் கருவிகளைப்பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணையே நினைவுக்கு வருகிறது.

மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாகப் பதிவுசெய்தது 1924ஆம் ஆண்டில். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2024இல், நரம்புநோயால் பேச்சு குலைந்துபோன ஒருவருடைய மூளையில் 256 நுண்ணிய மின்முனைகளைப் பதித்து, அவர் பேச முயலுகையில் எழும் துடிப்புகளைக் கணினி சொற்களாக்கிக் குரல்கொடுத்ததையும், அச்சொற்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வரை பிழையின்றி அமைந்ததையும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர் வெளியிட்டனர். மழைக்காலத்து வழுக்குச் சரிவில் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவனும், பாரிசவாதத்தால் நா எழாமற்போன கிழவியும், லயத்துக் காம்பராவின் ஒரு மூலையில் பாய்மீது கிடந்து, தண்ணீர் வேண்டுமென்பதைக்கூடக் கண்ணால் கெஞ்சிப் பெறவேண்டியிருக்கிற நிலையை அருகிருந்து பார்த்தவர் எவரும் இந்த வித்தையைப் பழிக்கமாட்டார். இது புண்ணிய காரியம். இதனைத் தடுக்க எந்த மதத்துக்கும் நியாயமில்லை.

ஆன்மாவையே யந்திரம் பிடித்துவிடுமோ என்று அஞ்சுவோருக்குச் சைவசித்தாந்தத்தில் தெளிவான சமாதானம் உண்டு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியங்கள்; சடப்பொருள்கள்; ஆன்மா அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிகிறதேயன்றி அவையே ஆன்மாவல்ல. ஆகவே யந்திரம் படிப்பது கருவியின் அசைவையே; அறிகின்ற சித்துப்பொருள் அதற்கு என்றும் எட்டாது. ஆனால் இந்தச் சமாதானத்தோடு திருப்தியடைந்து உறங்கிவிடலாகாது. வினை விளைவதும், வினையிலிருந்து ஜீவன் மீளுவதும் அந்தக் கருவிகளின் வழியாகத்தானே! அவற்றை இன்னொருவன் ஆளத் தொடங்கினால் சாதனை யாருடையது, பாவம் யாருடையது?

2025இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்று இந்தக் கேள்வியை வாசற்படிவரை கொண்டுவந்துவிட்டது. நாவும் உதடும் அசைய முயலாமல் மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு படிக்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். திரையில் தோன்றும் உருவங்களை எண்ணும்படி சொன்னபோது, நோயாளி உள்ளுக்குள் எண்ணிக்கொண்ட எண்களின் சாயலும் கருவியில் விழுந்தது. நோயாளி ஒரு குறிச்சொல்லை மனத்தில் நினைத்தாலன்றிக் கருவி திறவாதபடி பூட்டு ஒன்றையும் அவர்களே அமைத்துக் காட்டியது அவர்களுடைய பெருந்தன்மை. பின்வரும் வியாபாரிகளும் அப்படியே செய்வார்கள் என்பதற்கு உறுதி ஏது? பிறர் கேட்கச் சொல்லும் ஜபத்தினும், உதடு மட்டும் அசையும் ஜபத்தினும், மனத்துக்குள் நிகழும் மானச ஜபமே மேலானதென்று நம் முன்னோர் வகுத்தது, அங்கே ஆண்டவனைத் தவிரக் கேட்போர் இல்லை என்ற நம்பிக்கையினால் அல்லவா?

தோட்டத்து மக்களுடைய உடல் ஒன்றரை நூற்றாண்டாகக் கணக்கில் அடங்கியே வந்திருக்கிறது. விடியலில் பெரட்டுக்களத்தில் பேர் பதிவு. மாலையில் தராசில் கொழுந்து நிறுவை. நிறுவை குறைந்தால் அரைப்பேர். கணக்கில் ஏறாதது ஒன்றே ஒன்று: கொழுந்தெடுக்கும் விரல்களுக்கு மேலே, தன்போக்கில் ஓடிய அவர்களுடைய மனம். அங்கே பிள்ளையின் படிப்பைப்பற்றிய கவலை இருந்தது. கங்காணியின்மேல் கோபம் இருந்தது. முருகன்மேல் பக்தி இருந்தது. சீனாவில் சில தொழிற்சாலைகளில் தொழிலாளரின் தொப்பிக்குள் மின்னலைக் கருவி வைத்து அவர்களுடைய கவனத்தையும் கலக்கத்தையும் அளப்பதாக 2018இல் வந்த செய்தியைப் படித்தபோது, தராசு தலைக்குள்ளும் இறங்கிவிட்டதே என்று என் நெஞ்சு பதைத்தது.

சம்மதம் பெற்றுச் செய்தால் பிழையில்லையே என்பார்கள். 2008இல் பூனாவில் ஒரு கொலைவழக்கில் மூளை மின்னலைச் சோதனையையும் சான்றாக ஏற்று நியாயஸ்தலம் தண்டனை விதித்த பிறகு, 2010ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், ஒருவருடைய இசைவின்றி அத்தகைய சோதனைகளைச் செய்யலாகாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலான தீர்ப்புத்தான். ஆனால் சம்மதம் என்பது இந்த மலைகளில் எவ்வாறு பெறப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. வாசிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்து, தன்பேரில் எழுதப்பட்ட கடன் துண்டோடு தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றப்பட்ட பாட்டன்மாரும் சம்மதித்தவர்களாகவே ஏட்டில் எழுதப்பட்டார்கள். மறுத்தால் அன்றைய அடுப்பு எரியாது என்றிருப்பவனுடைய இசைவு இசைவாகாது.

மூளையின் செயலையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் காக்கும்படி சிலி தேசம் 2021இல் தன் அரசியலமைப்பையே திருத்தியது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதனோடு நில்லாமல், நோயாளியின் கையில் பூட்டு இருக்கவேண்டும், கொடுத்த சம்மதத்தை எப்பொழுதும் மீட்டுக்கொள்ள முடியவேண்டும், வேலைக்கோ சம்பளத்துக்கோ இக்கருவி ஒருபோதும் நிபந்தனையாகலாகாது என்ற மூன்றையும் வெளிப்படையாகச் சட்டத்தில் எழுதும்படி, மலையகத்தின் பிரதிநிதிகளும், தொழிற்சங்கத்தாரும், கோயில் பரிபாலன சபையாரும், தேவாலயத்துக் குருமாரும் இப்பொழுதே கேட்கவேண்டும்; கருவி வந்திறங்கிய பின் கேட்பதில் பயனில்லை.