போசனப்பிரியம் யார் குற்றம்?

தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்யும் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று போசனப்பிரியம். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவமிருந்த எவாக்ரியுஸ், மனத்தைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களை வரிசைப்படுத்தியபோது இதைத்தான் முதலில் வைத்தார். இரண்டு நூற்றாண்டு கழித்துப் போப் பெரிய கிரகோரி இதை விரித்து எழுதினார். நேரத்துக்கு முன்பே சாப்பிடுவது, விலை உயர்ந்த பண்டம் தேடுவது, அவசர அவசரமாக விழுங்குவது எல்லாமே அவர் கணக்கில் இதன் வடிவங்கள். உடம்பின் பருமனை அவர் அளவுகோலாக வைக்கவில்லை. பிற்காலத்தில்தான் பழி தட்டிலிருந்து தொப்பைக்கு இடம் மாறியது. பருத்த ஒருவரைக் கண்டதுமே, வாயைக் கட்டத் தெரியாதவர் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு நியாயம்தானா? கொழுப்புத் திசுவை ஆராய்ந்தவர்கள் கண்டவற்றை வைத்துப் பார்த்தால், இல்லை.

1993-இல் ஹோதாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோரின் குழு, பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் சுரப்பதைக் காட்டியது. அதைத் தடுத்ததும் இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்தது. கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. 2003-இல் அடுத்த செய்தி வந்தது: ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள், உடல் மிகப் பருத்தவர்களிடம் 40 சதவீதத்தை நெருங்குகின்றன. அளவுக்கு மீறி உப்பிய கொழுப்புச் செல் செத்துப்போக, அதைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் கிரீடம் போல வளைத்து நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அடிபட்ட கால் வீங்கிச் சிவந்து நாலு நாளில் ஆறிவிடும். இந்த அழற்சிக்கு வலியும் இல்லை, ஆறுவதும் இல்லை. வருடக்கணக்கில் உள்ளுக்குள் கனன்றபடியே இருக்கும்.

அது பசியையும் விட்டுவைப்பதில்லை. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளுக்கு, எடை கூடுவதற்கு முன்பே, சில நாட்களுக்குள் மூளையின் ஹைப்போதலாமஸில் அழற்சி தோன்றியதை 2012-இல் கண்டார்கள். போதும் என்று வயிறு சொல்வதை மூளை கேட்கவேண்டிய இடம் அது.

மன உறுதி பற்றிய வாதத்துக்கு இன்னும் நேரான சான்று 1997-இல் கிடைத்தது. பிரிட்டனில் 8 வயதில் 86 கிலோ எடையிருந்த ஒரு சிறுமி. எவ்வளவு சாப்பிட்டாலும் அவளுக்குப் பசி அடங்காது. கொழுப்புத் திசு சுரக்கும், பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் அவள் உடலில் பிறவியிலேயே இல்லை என்பது தெரியவந்தது. லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும் பசி தணிந்தது, எடை இறங்கியது. மிக அரிதான குறைபாடு இது. பருத்த எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் அந்தக் குழந்தையின் ஒழுக்கத்தில் ஊசிக்கு முன்னும் பின்னும் எந்த வித்தியாசமும் இல்லை. அப்படியிருக்க, முன்பு அவளைப் பெருந்தீனிக்காரி என்று சொல்ல யாருக்கு உரிமை?

பொறுப்பே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் கோசல மன்னன் பசேனதி கதை வருகிறது. மரக்கால் சோற்றை உண்டுவிட்டு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவனைப் புத்தர் கண்டிக்கவில்லை. அளவறிந்து உண்பதைப் பற்றி ஒரு பாட்டுச் சொன்னார். மன்னன் தன் மன உறுதியை மட்டும் நம்பவில்லை. சுதஸ்ஸனன் என்ற இளைஞனை அமர்த்தி, நாள் ஒன்றுக்கு 100 காசு கொடுத்து, சாப்பாட்டு வேளையில் அந்தப் பாட்டைச் சொல்லவைத்தான். சிறுகச் சிறுக ஒரு நாழிச் சோற்றுக்கு வந்து சேர்ந்தான். பழி சொல்லாமல் துணை கொடுப்பது என்ற இந்த வழி, பாவப் பட்டியலைவிட மனித உடம்பை நன்றாகப் புரிந்துகொண்டது.

இன்று அந்தத் துணை மருந்தாகவும் வருகிறது. 2023-இல் வெளியான செலக்ட் ஆய்வில் இதயநோயும் அதிக எடையும் உள்ள 17,604 பேர் இருந்தார்கள். எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மொத்தத்தில் 20 சதவீதம் குறைந்தன. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் இறங்கியது. இதைச் சோம்பேறிகளின் குறுக்கு வழி என்பவர்கள், பசேனதி கொடுத்த கூலியை என்னவென்று சொல்வார்கள்? மன்னனிடம் காசு இருந்தது. அது இல்லாதவர்களுக்கு, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் அரசு மருத்துவமனையே எடைக்கும் சிகிச்சை தரவேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.