உரிமையும் கடனும்

புதூர்ப் பக்கத்துக் கரிசலில் அக்காள் மகளைக் கட்டுவது உரிமை. சொத்து வெளியே போகாது என்பது அதன் நியாயம். 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் இவ்வுறவை விலக்கினாலும், வழக்கமிருந்தால் அனுமதிக்கிறது. ஆனால் நிலத்தோடு வேறொன்றும் உள்ளேயே தங்குகிறது. ஒற்றையாய் இருக்கும்வரை வெளித்தெரியாத பழுதான ஜீன், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் குழந்தை காது கேளாமல் பிறக்கலாம். ஏதேனும் ஒரு ஜீன் ஒரே மூதாதையிடமிருந்து இருவழியாகவும் வர, மாமன்-மருமகள் குழந்தைக்கு 8-ல் 1 வாய்ப்பு. அத்தை மகன்-மாமன் மகள் குழந்தைக்கு 16-ல் 1. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் இப்படிப் பிறப்பதுண்டு என்பது நம் சௌகரியமான பதில், பொய்யுமல்ல.

வங்கியில், தகப்பன் கடனுக்கு மகன் பொறுப்பு அவனுக்கு வந்த சொத்தளவுதான். இந்தக் கடனுக்கு அந்த வரம்பும் இல்லை.

நானும் உரிமைப்பெண்ணைக் கட்டியவன்தான். மகள் பிறந்த மாதங்களில், மனைவி பார்க்காத நேரம், தொட்டிலருகே கைதட்டிப் பார்த்திருக்கிறேன்.