முதல் டின்னை நீட்டியது யார்?



எனக்கு அப்போ பதினாறு வயசு. தீபாவளிக்கு உறவினர் வீட்டில் ஓப்பன் ஹவுஸ். கூடாரத்துக்குக் கீழே ஐஸ் பெட்டி நிறைய பீர். மாமா முறையில் ஒருத்தர் ஒரு டின்னை நீட்டி, "ஆம்பளப் பிள்ளதானே, சும்மா கம்பெனி கொடுடா" என்றார். ஒரே கசப்பு. துப்பணும் போல இருந்தது. ஆனா சுத்தி நின்ற அண்ணன்மார் கைதட்டினாங்க. அதுக்காகவே மீதியையும் குடிச்சேன்.

பிள்ளைகள் ஏன் குடிக்கிறாங்கன்னு கேட்டா, சினிமா, கெட்ட சகவாசம் என்கிறோம். அதுவும் உண்மைதான். ஆனால் விளக்கு எரியவில்லை என்றால் பொறியியல் மாணவன் பல்பை மட்டும் பார்ப்பதில்லை. வயரைப் பிடித்துக்கொண்டு மூலம் வரைக்கும் போவான். அப்படிப் போனால் நம்மில் பலர் நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்போம். 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. கடைக்காரர் ஐசி கேட்பார். மாமா கேட்க மாட்டாரே!

அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் மூடச் சொன்ன கடையை நாம் ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பெற்ற தாயின் முன்னாலேயே குடிமயக்கம் வேதனை தரும் என்கிறார். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறோமே, விரதம் என்றால் என்ன? கண்ணெதிரே இருந்தாலும் தொடாமல் இருக்கும் பயிற்சிதானே? அந்தப் பலம் நமக்கு ஏற்கெனவே இருக்கு.

போன தீபாவளிக்குப் படிவம் 3 படிக்கும் என் சித்தப்பா மகன் என் கையில் இருந்த டின்னைப் பார்த்து, "அண்ணே, எனக்கும் ஒரு வாய்" என்றான். கொடுக்கத்தான் போனேன். அப்போதான் உறைச்சது: அந்த மாமா நின்ற இடத்தில் இப்போ நான் நிற்கிறேன். டின்னை அப்படியே கால்வாயில் கொட்டினேன். அன்றிலிருந்து தொடவில்லை. நண்பர்கள் கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும்.

அண்ணன்மாரே, அக்காமாரே, இந்தத் தீபாவளிக்கு ஐஸ் பெட்டியில் சிராப் தண்ணி வையுங்க. தம்பிகளே, "வேண்டாண்ணே" என்று சொல்லப் பழகுங்க. அப்படிச் சொல்பவனுக்கு நாம கைதட்டுவோம்.

முருகன் துணை.