யாருக்காகப் பகடை உருட்டுகிறோம்?

"நான் கையேடுதானே எழுதுறேன், பந்தயமா கட்டுறேன்?" ஜார்ஜ்டவுனில் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதும் எனக்குள் எழும் கேள்வி இது. காற்பந்துப் பந்தய விகிதங்களைத் திரட்டி ஏஐ முகவர்களுக்குக் கொடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் கையேடு வேண்டுமே!

மகாபாரதத்தைப் பாருங்கள். பணயம் துரியோதனனுடையது, பகடை உருட்டியவன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்ல என்று தருமர் அங்கேயே சொன்னார். சொல்லிவிட்டும் ஆடினார்! ஏஐ முகவரும் அப்படி ஒரு மாற்றுக் கைதான். அதற்கு மனசாட்சி கிடையாது. ஆகவே பொறுப்பு அதை உருவாக்குபவர், விளக்குபவர், ஏவுபவர் எல்லாரிடமும் வந்து நிற்கிறது.

எண்களைத் திரட்டுவதே சூதாகிவிடாது. ஆய்வுக்கும் அவை உதவும். ஆனால் கையேடு முழு உண்மையையும் சொல்ல வேண்டும். சம பலமுள்ள இரு அணிகளுக்கும் 1.90 விகிதம் என்றால், 1-ஐ 1.90-ஆல் வகுத்து இரண்டையும் கூட்டுங்கள்: ஏறக்குறைய 105 விழுக்காடு. 100-ஐத் தாண்டிய பகுதிதான் பந்தயம் நடத்துபவரின் லாபம். தொடர்ந்து ஆடினா யார் ஜெயிப்பாங்கன்னு புரியுதா?

இதையும், நம் நாட்டின் 1953 பந்தயச் சட்டத்தையும், மனிதரைக் கேட்காமல் முகவர் பணம் கட்டக்கூடாது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுத விட்டால் எழுதுவேன். விடாவிட்டால் அந்தச் சம்பளம் எனக்கு வேண்டாம்.

தம்பி, தங்கைகளே, இப்படி ஒரு வேலை உங்களுக்கும் வரலாம். சம்பளம் எவ்வளவுன்னு கேட்கும் முன், யாருக்காகப் பகடை உருட்டுகிறோம் என்று கேளுங்கள்.