கட்டப்படாத உலகங்களின் இன்மை

டிஸ்னி, யுனிவர்சல் போன்ற பெருநிறுவனங்கள் அமெரிக்காவில் நடத்தும் தீம் பார்க்குகளின் தீவிர ரசிகர்கள், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் சவாரிகளைப் பற்றிப் பேசுவதற்குச் சற்றும் குறையாத ஈடுபாட்டோடு, இன்னும் கட்டப்படாத, ஒருவேளை என்றுமே கட்டப்படாமல் போகக்கூடிய பகுதிகளைப் பற்றியும் பேசுகின்றனர். ஒரே கதையையோ ஒரே காலத்தையோ மையமாக வைத்துக் கட்டடம், உணவு, இசை, மரஞ்செடி, சவாரி அனைத்தையும் இயைத்து அமைத்த பகுதியை அவர்கள் 'லேண்ட்' என்பர். அடுத்த லேண்ட் எந்தத் திரைப்படத்திலிருந்து பிறக்கும், அதில் இருண்ட கட்டடத்தினுள் வண்டியிலமர்ந்து காட்சிகளைக் கடந்து செல்லும் 'டார்க் ரைட்' இடம்பெறுமா, ரோலர் கோஸ்டர் இடம்பெறுமா, தண்டவாளமின்றிக் கணினி வழிநடத்தும் வண்டி இடம்பெறுமா என்ற ஊகங்களில் அவர்கள் காட்டும் நுணுக்கம் வியப்புக்குரியது. பொழுதுபோக்கின்மீது முளைத்த இன்னொரு பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குவது எளிது. ஆயினும் இல்லாத ஒன்றைப் பற்றி இத்தனை விரிவாக அறிய முடிவது எப்படி, அந்த அறிவுக்குப் பொருளாய் நிற்பது எது என்று கேட்கத் தொடங்கினால், அளவை நூலாரும் இறையியலாரும் நூற்றாண்டுகளாக விவாதித்துவந்த இடத்துக்கே வந்து சேர நேரிடும்.

இவ்விவாதத்துக்கு மிகவும் ஏற்ற சான்று, ஃபுளோரிடாவில் 1998 ஏப்ரல் 22 அன்று திறக்கப்பட்ட டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் கிடைக்கிறது. உயிரோடுள்ள விலங்குகள், அழிந்துபோன விலங்குகள், கற்பனை விலங்குகள் என மூவகை உயிர்களுக்கும் இடமளிப்பதே அப்பூங்காவின் தொடக்கத் திட்டம். மூன்றாம் வகைக்கென டிராகனும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் உலவும் 'பீஸ்ட்லி கிங்டம்' என்ற லேண்ட் வரையப்பட்டிருந்தது. முதற்கட்டத்தில் அது எழும்பவில்லை. அதற்குரிய மனையில் 'கேம்ப் மின்னி-மிக்கி' என்ற எளிய பகுதி இடம்பிடித்து அமர்ந்தது. ஆனால் பூங்காவின் இலச்சினையில் மற்ற விலங்குகளோடு டிராகனும் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தின் ஒரு பிரிவுக்கு யூனிகார்ன் என்று பெயரும் இருந்தது. வாசலிலேயே பெயர் சொல்லி அறிமுகம் செய்யப்பட்ட உயிர்கள் உள்ளே எங்குமே காணப்படாததால், ரசிகர்கள் அந்த மனையைக் கடக்கும்போதெல்லாம் அங்கிருந்த முகாமைப் பார்க்காமல் அங்கில்லாத டிராகனையே பார்த்தனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இல்லாததைப் பார்ப்பது என்ற இச்செயலை இந்திய அளவை நூலாராகிய நியாய, வைசேடிக மரபினர் ஐயமறப் பொருட்படுத்தினர். தரையில் குடம் இல்லை என்று ஒருவன் அறியும்போது, அவன் வெறுந்தரையை மட்டும் அறிவதில்லை, குடத்தின் இன்மையையும் அறிகிறான் என்பதும், அந்த இன்மையும் பதார்த்தங்களுள், அதாவது உள்பொருள் வகைகளுள், ஒன்றாகவே வைத்து எண்ணத்தக்கது என்பதும் அவர்கள் கொள்கை. எதன் இன்மை குறிக்கப்படுகிறதோ அப்பொருளுக்குப் பிரதியோகி என்று பெயர். பிரதியோகி இன்னதென்று தெரியாமல் இன்மையை அறிய வழியில்லை. ஒரு பொருள் தோன்றுவதற்கு முன்புள்ள இன்மை முன்னபாவம். அதற்குத் தொடக்கமில்லை, பொருள் தோன்றியதும் முடிவு உண்டு. பொருள் அழிந்தபின் வருவது அழிவுபாட்டபாவம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவில்லை. முக்காலத்திலும் இல்லாமை முழுதுமபாவம். இப்பாகுபாட்டில் பீஸ்ட்லி கிங்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. என்றும் தோன்றாத ஒன்றுக்கு முன்னபாவம் கூற இயலாது. ஏனெனில் முன்னபாவம் ஒரு நாள் நீங்கியே ஆகவேண்டும். முயற்கொம்புபோல இயலாப் பொருள் என்றும் தள்ள முடியாது, ஏனெனில் அதற்கு வரைபடங்களும் ஒதுக்கப்பட்ட மனையும் இருந்தன. இங்கே நியாய மரபின் இன்னொரு நுட்பம் கைகொடுக்கிறது. முயலுக்குக் கொம்பில்லை என்னும்போது முயற்கொம்பு என்ற பொய்ப்பொருளை மறுப்பதில்லை, வேறிடத்தில் உள்ளதாகிய கொம்பை முயலின் தலையில் மறுக்கிறோம் என்று அவர்கள் விளக்குவர். அவ்வாறே ரசிகர் அறிவதும் ஒரு மாய நாட்டின் இன்மையன்று. வேறிடங்களில் உள்ளவையும் இங்கே திட்டமிடப்பட்டவையுமாகிய கோஸ்டர், புதிர்ப்பாதை, படகுச் சவாரி ஆகியவை இந்தக் குறிப்பிட்ட மனையில் ஒருங்கே இல்லாமையையே அவர் அறிகிறார். ஆகவே ஊகத்தின் பொருள் எதிர்காலத்தில் எங்கோ இல்லை. அது இப்போதுள்ள நிலத்தின் இயல்பு.

இதற்கு மாறாக, ஊகம் வருங்காலத்தைப் பற்றியதே, ஆனால் அவ்வருங்காலம் நிகழ்காலத்தில் மறைந்து கிடக்கிறது என்று கூறவும் ஒரு மரபு உண்டு. சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஏற்கும் சற்காரியவாதம், காரியம் தன் காரணத்துள் முன்னரே சூக்குமமாய் உள்ளது என்று கூறும். எள்ளிலிருந்து எண்ணெய் வருமேயன்றி மணலிலிருந்து வாராது என்பது அதன் பழைய எடுத்துக்காட்டு. ரசிகர்களின் நடைமுறை வியக்கத்தக்க அளவு இக்கொள்கையை ஒத்தது. நிறுவனம் வாங்கிய நிலம், அரசு அலுவலகத்தில் பதிவான கட்டுமான விண்ணப்பம், காப்புரிமைக் கோரிக்கை, திரைப்பட உரிமை ஒப்பந்தம், வானிலிருந்து எடுத்த படத்தில் தெரியும் அடித்தளக் குழி ஆகியவற்றை அவர்கள் காரணங்களாக வரிசைப்படுத்தி, அவற்றுள் ஒடுங்கிய காரியத்தைப் படித்தெடுக்க முயல்கின்றனர். பலமுறை வெற்றியும் பெறுகின்றனர். ஆனால் பீஸ்ட்லி கிங்டத்தின் மனையில் இறுதியில் 2017 மே 27 அன்று திறக்கப்பட்டது, அவதார் திரைப்படத்தை அடியொற்றிய 'பண்டோரா' என்ற லேண்ட். அப்படம் வெளிவந்ததே 2009-இல். அதனை லேண்ட் ஆக்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது 2011-இல். 1998-இல் அந்த மனையை எத்தனை கூர்மையாக நோக்கியிருப்பினும் அதில் பண்டோராவைக் கண்டிருக்க இயலாது; காரியம் முன்பில்லாத புதுவரவே என்னும் நியாயரின் அசற்காரியவாதம் இங்கே வென்றதாகத் தோன்றும். (அவதாரின் இயக்குநர் ஜேம்ஸ் கேமரன் அக்கதையின் முதல் வரைவை 1990-களின் நடுப்பகுதியிலேயே எழுதிவிட்டார் என்று சற்காரியவாதி விடாப்பிடியாகச் சுட்டிக்காட்டலாம்; இந்த வழக்கு முடிவதில்லை.) நிலம் என்ற ஒரே காரணத்துள் ஒன்றோடொன்று பொருந்தாத பல காரியங்கள் இடம் கொள்ளும் என்பதும், அவற்றுள் எது வெளிப்படும் என்பதை நிலமே முடிவு செய்வதில்லை என்பதும் இந்நிகழ்வால் தெளிவாகின்றன. தற்செயலுக்கும் பிறருடைய விருப்பத்துக்கும் இடம் ஒதுக்காத ஊகம், எத்தனை ஆவணங்களைச் சேர்த்தாலும், எள்ளைப் பார்த்த நிறைவில் எண்ணெயைக் கண்டதாகக் கூறிவிடும் பிழைக்கு ஆளாகும்.

இன்மை வெறுமையாக இராமல் கதைகளைத் தன்னிடம் ஈர்க்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டிலுள்ள 'ஹாண்டட் மேன்ஷன்' சான்று. அப்பேய் மாளிகையின் வெளிக்கட்டடம் 1963-இலேயே எழும்பி நின்றது. உள்ளே சவாரி திறக்கப்பட்டது 1969 ஆகஸ்ட்டில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் அழகிய வெள்ளை மாளிகை ஒன்று பூட்டியபடி நின்றதால், சோதனை ஓட்டத்தில் உள்ளே சென்ற ஒருவர் அச்சத்தால் மாண்டார் என்பது போன்ற வதந்திகள் பரவின. உண்மைக் காரணங்கள் சுவையற்றவை: வடிவமைப்பாளர்கள் 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சிப் பணிக்கு இழுக்கப்பட்டனர்; 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி காலமானார்; மாளிகைக்குள் பார்வையாளர் நடந்து செல்வதா, வண்டியில் செல்வதா என்பதும் நெடுங்காலம் தீராமல் இருந்தது. இடையறாது நகரும் வண்டிச் சங்கிலியாகிய 'ஆம்னிமூவர்' அமைப்பு 1967-இல் வேறொரு சவாரியில் பயன்படுத்தப்பட்ட பின்பே, ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை மாளிகைக்குள் அனுப்பும் வழி பிறந்தது. கதை பல ஆண்டுகளாகக் காத்திருக்க, அதற்கு உடல் கொடுத்தது சவாரி வகை. முதிர்ந்த ரசிகர்கள் எந்தக் கதை என்பதைவிட எந்த வகைச் சவாரி என்பதில் கருத்தூன்றுவது இதனாலேயே எனலாம். உயர வரம்பு, மணிக்கொள்ளளவு, வரிசைக்கான நிழற்கூரை, மழைநாளில் இயக்கம் ஆகியவற்றைக் கணக்கிட்டு எழும் கனவு, தடைகளை அறிந்த கனவு; பேய் மாளிகையைப் பற்றிய வதந்தியோடு அதை ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது.

அத்தகைய கனவுக்கு அதன் பொருள் உண்மையில் தோன்றுவது அவசியமா என்ற வினா அடுத்து நிற்கிறது. ஒரு பொருள் அழகியது என்று தீர்ப்பளிக்கும்போது அப்பொருள் உள்ளதா இல்லையா என்பதில் மனத்துக்கு அக்கறையில்லை, அவ்வின்பம் பற்றற்றது என்று இம்மானுவேல் காண்ட் 1790-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கட்டப்படாது என்று நன்கறிந்தே முழு லேண்டையும் வரைபடமாக வரைந்து, பெயர்ப்பலகை எழுத்துரு வரை தேர்ந்தெடுக்கும் ரசிகர்கள் உளர். அவர்களது இன்பம் காண்ட் கூறியதற்கு மிக அருகில் நிற்கிறது. வேட்கையே துன்பத்தின் வேர் என்னும் பௌத்தத்தின் கண்டனமும் இவர்களைத் தொடுவது அரிது, ஏனெனில் வரைந்து முடித்த அன்றே அவர்கள் தேடியது கிட்டிவிடுகிறது. எனினும் ரசிகர் கூட்டத்தின் பெரும்பான்மை இவ்வாறில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் வரைபடத்தோடு நிறைவடைவதில்லை. அந்தத் தெருவில் நடக்க விரும்புகின்றனர். அங்கே அழகுணர்ச்சி முடிந்து நம்பிக்கை தொடங்குகிறது.

நம்பிக்கையின் இலக்கணத்தை மிகச் செறிவாக வகுத்தவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். நம்பிக்கையின் பொருள் நன்மையாய், எதிர்காலத்ததாய், அடைதற்கு அரிதாய், ஆயினும் அடையக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அரிதன்றாயின் அது வெறும் விருப்பம். அடையவே இயலாதாயின் அவநம்பிக்கை. இறைநம்பிக்கையிலிருந்து பிறழும் வழிகளாக அவநம்பிக்கையோடு துணிபுச் செருக்கையும், அதாவது கிட்டியே தீரும் என்று தகுதியின்றி உரிமை கொண்டாடுவதையும், அவர் சேர்த்தார். டிஸ்னியின் எப்காட் பூங்காவிலுள்ள 'வேர்ல்ட் ஷோகேஸ்' பகுதி இவ்விலக்கணத்துக்கு நீண்டகால ஆய்வுக்களமாய் விளங்குகிறது. ஏரியைச் சுற்றி ஒன்பது நாடுகளின் மண்டபங்களோடு 1982-இல் அது தொடங்கியது. மொராக்கோ 1984-இலும் நார்வே 1988-இலும் சேர்ந்தன. அதன்பின் பன்னிரண்டாம் நாடு வரவில்லை. தொடக்கக் காலத்தில் அறிவிக்கப்பட்ட நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்க மண்டபத்துக்குரிய இடத்தில் இன்று சிறு கடையொன்றே உள்ளது. ஸ்பெயின் வரும், பிரேசில் வரும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் தலைமுறை மாறியும் ஓயவில்லை. நன்மை, எதிர்காலம், அருமை, இயன்மை ஆகிய நான்கும் இங்கு உண்டு. இல்லாதது ஒன்றே: இறையியலில் நம்பிக்கை இறைவனின் வாக்கைப் பற்றி நிற்கிறது, இங்கே வாக்களித்தவர் எவருமில்லை.

நிறுவனங்கள் வாக்குக்கும் வாக்கின்மைக்கும் இடைப்பட்ட ஒரு மொழியைத் திறமையாகக் கையாள்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். செலவையும் பொறியியலையும் பொருட்படுத்தாமல் எண்ணங்களை விரிக்கும் தொடக்கக் கட்டத்துக்கு வடிவமைப்பாளர் வழக்கில் 'புளூ ஸ்கை' என்று பெயர். 2022-இல் அனஹைமில் நடந்த டிஸ்னி ரசிகர் மாநாட்டில், அனிமல் கிங்டத்தின் டைனோசர் பகுதிக்கு மாற்றாக ஸூடோப்பியா, மோவானா படங்களைச் சார்ந்த ஓவியங்கள் இவ்வகை எண்ணங்களாகவே காட்டப்பட்டன. 2024 மாநாட்டில் உறுதி செய்யப்பட்டதோ என்கான்டோவும் இண்டியானா ஜோன்ஸும். இடையில் நம்பிக்கை வைத்தோர் ஏமாற்றப்பட்டதாக முறையிட்டனர். முறைப்படி நோக்கினால் அவர்களுக்கு எவ்வாக்கும் தரப்படவில்லை. ஆயினும் பல்லாயிரவர் முன் மேடையில் ஓவியத்தைக் காட்டிவிட்டு இது வெறும் எண்ணமே என்று சொல்வது, நம்பிக்கையைத் தூண்டி அதன் கடனை மட்டும் மறுக்கும் செயல் என்றே கருதத் தோன்றுகிறது. இயலக்கூடியது, நிகழக்கூடியது, வாக்களிக்கப்பட்டது ஆகிய மூன்றும் வேறு வேறு. அவற்றைக் குழப்பிய பிழையில் ரசிகருக்குப் பங்கு உண்டெனினும் முதற்பங்கு மேடைக்கே உரியது.

அதே 2024 மாநாட்டில் ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கென அறிவிக்கப்பட்ட இரண்டு திட்டங்கள் இவ்வாய்வை மேலும் சிக்கலாக்குகின்றன. ரசிகர்கள் நெடுங்காலம் ஊகித்துவந்த வில்லன்களின் லேண்ட் ஒருவழியாக உறுதியாயிற்று; அதனோடு கார்ஸ் திரைப்படத்தைச் சார்ந்த பகுதியும் அறிவிக்கப்பட்டது. பின்னதன் பொருட்டு, பூங்கா திறந்த 1971 முதல் ஓடிய 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்னும் செயற்கை ஆறும், அதன் நடுவிலிருந்த டாம் சாயர் தீவும், ஆற்றில் சுற்றிவந்த நீராவிப் படகும் 2025 ஜூலையில் நிரந்தரமாக மூடப்பட்டன. புதிய லேண்டுகளைப் பல்லாண்டு வேண்டிக் காத்திருந்தோர் பலரும் ஆற்றின் கடைசி நாளில் துக்கம் காத்தனர். எல்லையுள்ள மனையில் ஒன்றன் முன்னபாவம் நீங்குவதற்கு இன்னொன்றன் அழிவுபாட்டபாவம் தொடங்கவேண்டியிருக்கிறது என்பதைத் தருக்க நூலார் தனித்து வற்புறுத்தவில்லை. குடம் வருவதற்காகத் தரை எதையும் இழப்பதில்லை என்பது அவர்களது எடுத்துக்காட்டின் வசதி. ஊகத்தின் அறவியல் இங்கேதான் எழுகிறது: காலி நிலத்தின்மேல் வரையப்படும் கனவுக்கும், பிறர் இன்னும் நேசிக்கும் ஒன்றன்மேல் வரையப்படும் கனவுக்கும் உள்ள வேறுபாட்டை வரைபடத் தாள் காட்டுவதில்லை. அதனால் வரைபவர், தம் புதிய கோட்டின் கீழ் எந்த ஆறு ஓடுகிறது என்பதையும் அத்தாளிலேயே குறித்துவைக்கக் கடன்பட்டவராகிறார்.