உறுப்பு மாறினும் ஊர்தி அதுதானா?

உறுப்புகள் மாறிய பின்னும் ஒரு பொருள் அதே பொருளாக நீடிக்கிறதா என்னும் வினா, புளூடார்க் குறிப்பிடும் தீசியஸின் கப்பல் வழியே மேலைத் தத்துவத்திலும், மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் காட்டிய தேர் வழியே பௌத்தத்திலும் ஆராயப்பட்டுள்ளது.

அமெரிக்க வீட்டுக் கொட்டகைகளில் இவ்வினா கூர்மை பெறுகிறது. 1991 முதல் 2002 வரை உருவான மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7, பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோணச் சுழலிகள் இயங்கும் 1.3 லிட்டர் வாங்கெல் எஞ்சினைச் சுற்றியே வடிவமைக்கப்பட்ட கார். அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, செவ்ரோலெட்டின் 5.7 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்துவோர் உண்டு.

நாகசேனரின் நோக்கில், தேர் என்பது சக்கரத்திலோ அச்சிலோ தனியே இல்லை. உறுப்புகளின் கூட்டைச் சார்ந்து வழங்கும் பெயரே அது. இதனைப் பாலி மொழி ‘பஞ்ஞத்தி’, அதாவது வழக்குப் பெயர், என்கிறது. எனினும், அப்பெயரை நிலைநிறுத்துவது எது என்ற வினா எஞ்சுகிறது.

விடை எஞ்சினை மாற்றும் வேலையிலேயே உள்ளது. எஞ்சின் சங்கிலியில் தொங்க, ஒருவர் கிரேனை விரற்கடை அளவாக இறக்க, இன்னொருவர் அடியில் படுத்துக் கியர் பாக்ஸை ஜாக்கியால் உயர்த்த, மூன்றாமவர் கிராங்க் தண்டை மெல்லத் திருப்ப, கியர் பாக்ஸ் தண்டின் பற்கள் கிளட்ச் தட்டின் பள்ளங்களில் இறங்கும்வரை எவரும் கையை எடுப்பதில்லை. எஞ்சின் புதிதாயினும், பழைய காரை அறிந்த நண்பர்களின் நினைவும் உழைப்பும் அறுபடாமல் தொடர்கின்றன. ஆகவே, பொருளின் ஒருமை அதன் உலோகத்தில் அன்று, அதைப் பேணுவோரின் உறவில் நிலைபெறுகிறது.